ஏர்க்காலைத் தொடாதே

பொக்கடெல்லோ, ஐடஹோ
1997 ஏப்ரல் 6

ஆர்டன்,

இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். மூன்றாவது முறை கூப்பிட மனம் வரவில்லை, அதனால் இந்தக் கடிதம். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மிச்சம் அங்கேயே இருக்கும்.

அம்மா தன் முகாம் டிரெய்லரை எனக்கு எழுதிவைத்துவிட்டுப் போனாள். "இவளுக்கு எதுக்கு?" என்று அடக்கத்தன்று அத்தனை பேர் முன்னால் கேட்டாய். எனக்கும் தெரியாது. பதினோரு வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டியை லாயிட் போன மாதம் இழுத்து வந்துவிட்டான். அதன் உரிமைப் பத்திரம் உன் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அனுப்பு.

எதற்கென்று நீ கேட்பாய். ஆகஸ்டில் நானும் லாயிடும் எங்கள் இரண்டு பெண்களும் பெல்லோஸ் ஏரிக்குப் போகிறோம். ஆமாம், அதே சாலை, அதே ஸ்லேட் கல் ஏற்றம். அந்த வண்டி இப்போது இருக்கிற இருப்பில் அங்கே போகாது என்று தெரியும். அதனால் அச்சை ஸ்பிரிங் பட்டைகளுக்குக் கீழே மாற்றி, அடியை ஐந்து அங்குலம் உயர்த்தப் போகிறோம். கனமான டயர், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இரும்புத் தகடு, கதவிடுக்குகளில் தூசி புகாத ரப்பர். முன்னால் இருக்கும் இணைப்பையும் மாற்ற வேண்டும்.

மார்லிஸின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு உரிமை இல்லை என்பாய். இருந்தாலும் கேட்கிறேன்.

நோலா

*

மேக்கி, ஐடஹோ
ஏப்ரல் 15

நோலா,

உன் கடிதத்தைப் பட்டறையில் உரக்கப் படித்தேன். எல்லோரும் நன்றாகச் சிரித்தார்கள்.

லாயிட் அச்சை மாற்றப் போகிறானா? பள்ளிக்கூடத்தில் டிராம்போன் ஊதச் சொல்லிக் கொடுக்கிறவன் கையில் பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் கொடுத்தால் அதையும் வாயில் வைத்துப் பார்ப்பான். ஐந்து அங்குலம் உயர்த்தினால் வண்டி அழகாகத்தான் நிற்கும். சரிவில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும் அதே அழகோடு கவிழும். இந்த மாதிரி வண்டியைப் பத்திரிகையில் படம் போடுகிறவன் அதைச் சொல்லியிருக்க மாட்டான். அவன் தார்ச்சாலையைத் தாண்டியிருந்தால்தானே?

சரி, பழைய கதையைப் பேசாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். நீ விடவில்லை. 1986 ஆகஸ்டில் உன்னிடம் ஒரே ஒரு வேலை கொடுத்தேன். டிரெய்லரை லாரியின் கொக்கியில் மாட்டு, சங்கிலியைப் போடு. ஒரு குரங்குக்குப் பழக்கினாலும் செய்யும். நீ செய்த லட்சணத்தில் ஸ்லேட் ஏற்றத்தின் நடுவில் வண்டி கழன்று பின்னால் உருண்டது. முட்டுக்கட்டையோடு பின்னால் நடந்து வந்த என் மனைவியைச் சாலையோரக் கரையோடு வைத்து நசுக்கியது. அவள் கால் எப்படி இருக்கிறதென்றா கேட்கிறாய்? மற்றக் காலைவிட இரண்டு அங்குலம் குட்டையாக இருக்கிறது. அன்றிலிருந்து அப்படித்தான் இருக்கிறது.

பத்திரம் வேண்டுமானால் வண்டியை என் பட்டறைக்குக் கொண்டு வா. துண்டு துண்டாக நறுக்கிப் பழைய இரும்போடு போட்டுவிடுகிறேன். அதற்கு அதுதான் மரியாதை.

ஆர்டன்

*

பொக்கடெல்லோ
மே 4

ஆர்டன்,

அச்சு மாற்றியாயிற்று. செய்தது லாயிட் இல்லை, நான். அவன் விளக்குப் பிடித்தான்.

நான் ஒன்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். ஒரு நாளைக்கு ஐம்பத்திரண்டு பிள்ளைகள். உனக்குத் தெரியாது, நீ கேட்டதில்லை. அந்த ஐம்பத்திரண்டு பேரின் பெற்றோர் என்னை நம்புகிறார்கள். என் அம்மா மட்டும் நான் ஓட்டும் காரில் கடைசிவரை ஏறவில்லை. பேத்திகளுக்கு நான் இருக்கைப் பட்டை மாட்டினால், நான் திரும்பிய பிறகு அவள் குனிந்து இழுத்துப் பார்ப்பாள். நான் பார்க்கவில்லை என்று நினைப்பாள்.

ஜனவரியிலிருந்து சனிக்கிழமைகளில் கல்லூரியில் வெல்டிங் வகுப்புக்குப் போகிறேன். சொல்லிக் கொடுப்பவர் பெயர் வெர்னா. ரயில் பணிமனையில் இருபத்தைந்து வருடம் பற்றவைத்தவர். உன் கடிதத்தை அவரிடம் காட்டினேன். "கவிழுங்கிறது உண்மைதான். அதுக்குத்தான் சக்கர அகலத்தையும் கூட்டுறது. இவ்வளவு தெரிஞ்ச மனுஷன் அத மட்டும் ஏன் சொல்லாம விட்டாரு?" என்றார். நீண்ட அச்சாகப் போட்டு அகலத்தையும் கூட்டிவிட்டோம். ஸ்பிரிங் தாங்கிகளுக்குப் பின்னால் முட்டுத் தகடு வைத்துப் பற்றவைத்தேன். வெர்னா சுத்தியால் ஏழெட்டுத் தட்டு தட்டிப் பார்த்து, "போதும், அழ வேணாம்" என்றார். நான் அழவில்லை. கண்ணில் புகை.

அடுத்தது முன்பக்கம். பழைய இணைப்பை வெட்டி எடுத்துவிட்டு, எல்லாப் பக்கமும் திரும்பும் புதிய இணைப்பை வைக்கப் போகிறோம்.

பத்திரத்தை அனுப்புகிறாயா, இல்லை வக்கீல் மூலம் கேட்கவா?

நோலா

*

மேக்கி
மே 9

நோலா,

பத்திரம் இதோடு இருக்கிறது. கையெழுத்தும் போட்டுவிட்டேன். உன் வக்கீலை வேறு யாரையாவது மிரட்டச் சொல்.

ஒன்று மட்டும் கேள். வண்டிக்கு முன்னால் நீண்டு இணைப்பைத் தாங்கும் ஏர்க்காலைத் தொடாதே. இருபக்கமும் நான் போட்ட தகடு இருக்கிறது. அது ஒரு பாலத்தையே தாங்கும். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை விளையாடப் போகிறவர்கள் அதில் கை வைத்தால் இருக்கிற பலமும் போய்விடும். புதிய இணைப்புத்தான் வேண்டுமென்றால் வண்டியை இங்கே கொண்டு வந்து விடு. நான் மாட்டித் தருகிறேன். இரண்டு டயரும் என் பங்காகப் போட்டுத் தருகிறேன்.

இதைப் பாசம் என்று நினைத்துவிடாதே. உன்னால் இன்னொருத்தி கால் போக வேண்டாம் என்றுதான்.

ஆர்டன்

*

பொக்கடெல்லோ
மே 25

ஆர்டன்,

பதினோரு வருடம் தொலைபேசியில் கூடப் பேசாதவன் ஐந்தே நாளில் பதில் போட்டிருந்தாய். டயர் வேறு இனாம். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நேற்றுத்தான் வந்தது.

நேற்று இணைப்பை வெட்டும் முன் பெயின்டைச் சுரண்டினேன். உன் தகடுகள் தெரிந்தன. வெர்னா அவற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இங்க எதுக்குத் தகடு? நல்லா இருக்கிற இரும்புக்கு யாரும் கட்டுப் போடமாட்டாங்களே." கிரைண்டரால் இரண்டையும் எடுத்தோம்.

கீழே ஏர்க்கால் முழுதாக ஒடிந்து, மேலோட்டமாகப் பற்றவைக்கப்பட்டிருந்தது. 86 வசந்தத்தில் ரம்பப் பெட்டியும் தண்ணீர்க் கேன்களும் வைக்க இடம் வேண்டும் என்று ஏர்க்காலை இரண்டடி நீட்டினாயே, அதே ஒட்டு. அந்தத் துண்டையே அறுத்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தோம். உட்பக்கத்தில் பழைய முறிவு அப்படியே இருக்கிறது. பாதி முறிவுக்குள் பச்சைப் பெயின்ட் இறங்கியிருக்கிறது. அம்மா அந்த வருடம் ஜூலையில் அடித்த பச்சை. நாம் ஏரிக்குப் போனது ஆகஸ்டில். அப்படியென்றால் நாம் கிளம்பும் முன்பே அங்கே விரிசல் விட்டிருந்தது.

இன்னொன்று. சங்கிலி மாட்டும் இரண்டு கண்ணிகளும் முறிவுக்கு முன்னால் இருக்கின்றன. அங்கே ஒடிந்தால் கொக்கியும் சங்கிலியும் லாரியோடு நின்றுவிடும், டிரெய்லர் மட்டும் போய்விடும். நான் மாட்டாமல் விட்டிருந்தால் ஏர்க்கால் ஒடிய வேண்டிய தேவையே இல்லை. ஒடிந்திருக்கிறது என்றால், நான் மாட்டியிருக்கிறேன்.

வெர்னா துண்டைக் கீழே வைத்துவிட்டு, "இத ஒட்டினவனுக்கு இது தெரியாம இருந்திருக்காது" என்றார்.

நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று எழுது. நம்பப் பார்க்கிறேன்.

நோலா

*

மேக்கி
ஜூன் 2

நோலா,

தொடாதே என்றால் தொடுவாய். மூன்று வயதில் அடுப்பைத் தொட்டாய், இப்போது இது.

வண்டி உருண்டு பாறையில் மோதியது. மோதினால் ஒடியும். ஒடிந்ததை நான் ஒட்டினேன். இதற்கு ரயில் பணிமனைக் கிழவி வந்து ஆராய்ச்சி செய்ய வேண்டுமா? பெயின்ட் எங்கே வேண்டுமானாலும் இறங்கும். அம்மா பெயின்ட் அடித்தால் ரோஜாச் செடிக்கும் சேர்த்துத்தான் அடிப்பாள்.

உன் தலையில் இருக்கிற பாரத்தை இறக்கி வைக்க இடம் தேடுகிறாய். புரிகிறது. என் தலை அதற்கு இல்லை. இந்த மாவட்டத்தில் குதிரை ஏற்றும் டிரெய்லர்களில் பாதி என் வெல்டிங்கில் ஓடுகின்றன. யாரும் வந்து குறை சொன்னதில்லை.

இதை மார்லிஸிடம் கொண்டு வராதே. அவளுக்குப் போதுமான வலி இருக்கிறது.

ஆர்டன்

*

பொக்கடெல்லோ
ஜூன் 10

ஆர்டன்,

வண்டி பின்பக்கமாக உருண்டது. கரையில் மோதியது பின்பக்கம். முன்னால் இருக்கும் ஏர்க்கால் எதில் மோதியது, காற்றிலா? பொய் சொல்லும்போதாவது உன் தொழிலுக்கு மரியாதை கொடுத்துச் சொல்.

எனக்கு அப்போது இருபத்திநான்கு வயது. மார்லிஸின் தொடையில் என் இடுப்புப் பெல்டைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ வந்து நின்று கேட்டாய்: "கொக்கிய மாட்டினியா இல்லையா?" நான், "மாட்டினேன்னுதான் நெனைக்கிறேன்" என்றேன். அந்த 'நெனைக்கிறேன்' உனக்குப் போதுமாக இருந்தது. அன்றிலிருந்து என் கை செய்ததை என் கண் நம்புவதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்க்கிறேன். என் பெண்கள் அதை நடித்துக் காட்டிச் சிரிக்கிறார்கள்.

மார்லிஸ் உன் மனைவியாவதற்கு முன்னால் என் தோழி. ஏழாம் வகுப்பிலிருந்து. அம்மாவின் அடக்கத்தில் என்னைப் பார்த்ததும் கம்பை ஊன்றி அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

நான் அவளிடம் சொல்லப் போவதில்லை. நான் சொன்னால் அது குற்றம் சாட்டுவது. நீ சொன்னால்தான் அது உண்மை. இந்த மாதக் கடைசி வரை பார்ப்பேன். நீ சொல்லாவிட்டாலும் நான் ஒன்றும் செய்யமாட்டேன். நீ எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொள்வேன். அதை நீ தினமும் தெரிந்துகொண்டு இரு.

நோலா

*

மேக்கி
ஜூன் 29

நோலா,

சொல்லிவிட்டேன். சந்தோஷமா?

முழுவதையும் எழுதிவிடுகிறேன், நீ துண்டு துண்டாகக் கேட்டு எழுத வேண்டாம். ஏற்றத்தில் லாரியின் சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. திடீரென்று இழுவை லேசானது. இறங்கி ஓடினேன். நீ அவளோடு இருந்தாய். ஜாக்கி எடுக்க லாரிக்குத் திரும்பி ஓடியபோதுதான் பார்த்தேன். கொக்கியில் இணைப்பு கச்சிதமாகப் பூட்டியபடி இருந்தது. இரண்டு சங்கிலியும் மாட்டியிருந்தன. அவற்றுக்குப் பின்னால் நான் பற்றவைத்த இரும்பு, பிட்ட ரொட்டி மாதிரி ஒடிந்து நின்றது.

அந்த நொடியில் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மார்லிஸின் காலை நினைக்கவில்லை. பட்டறை திறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வாசலில் என் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தேன். அதைத்தான் நினைத்தேன். ஜாக்கியை எடுப்பதற்கு முன் அந்தத் துண்டைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளினேன். அரை நிமிடம் ஆகியிருக்கும். அவள் அங்கே கத்திக்கொண்டிருந்தாள். அந்த அரை நிமிடத்தையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

பிறகு உன்னிடம் வந்து கேட்டேன். நீ உறுதியாக "மாட்டினேன்" என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அப்போதும் இதையேதான் செய்திருப்பேன். பிறகு நானே தனியாகப் போய் வண்டியை இழுத்து வந்து, அந்தத் துண்டை ஒட்டித் தகடு போட்டு மறைத்தேன்.

மார்லிஸ் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.

"கால் போனது வெல்டிங்னால. வெல்டிங் தப்பும், அது எனக்குத் தெரியும். உன்ன ஒரு வாரம் திட்டிட்டு விட்டிருப்பேன். ஆனா நோலாவ எங்கிட்டேர்ந்து பிரிச்சியே ஆர்டன், அது எந்த வெல்டிங்?"

"உனக்கு வலிக்குமேன்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு வலிக்குமேன்னா? தூ. நீ என்னத் தாங்கித் தாங்கி நடந்தப்பல்லாம் நான் சாமி கிட்ட உனக்காக நன்றி சொன்னேன். அத்தனையும் திருப்பிக் கேக்கணும் இப்ப."

துணிகளை மடிக்காமலே பையில் போட்டாள். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கே என்று சொல்லவில்லை. உன் வீட்டுக்குத்தான் இருக்கும். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவளே வந்திருப்பாள்.

என்னை நீ கேவலமாக நினைப்பது நியாயம்தான். ஆனால் கடைசிக் கடிதத்தில் நல்லவள் மாதிரி "வாயை மூடிக்கொள்வேன்" என்று எழுதினாயே, அது நேரே வந்து அறைவதைவிட மோசம். அது உனக்குத் தெரிந்துதான் எழுதினாய்.

ஆர்டன்

*

பொக்கடெல்லோ
ஆகஸ்ட் 17

ஆர்டன்,

ஆமாம், தெரிந்துதான் எழுதினேன்.

மார்லிஸ் இங்கேதான் இருக்கிறாள். அன்று கதவைத் திறந்தபோது கையில் பையோடு படியில் நின்றாள். அவள்தான் முதலில், "இப்பிடியே நிக்கவெச்சீன்னா இந்தக் கால் ஒத்துக்காது" என்றாள். அழுவோம் என்று நினைத்தேன். சிரித்தோம், அதுவும் அசிங்கமாக, லாயிட் எட்டிப் பார்க்கும் அளவுக்கு.

ஏரிக்குப் போய்த் திரும்பிவிட்டோம். நீ எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை. தகரக் கூரைமேல் ஓட்டுவது மாதிரி பதினெட்டு மைல். ஓர் அலமாரி திறந்து முட்டைகள் போயின. ஓடையில் தண்ணீர் அச்சு வரை இருந்தது. அடித் தகடு இரண்டு முறை பாறையில் உரசியது, தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே கொஞ்சம் தூசி. பின் ஜன்னல் ரப்பரை நான் சரியாக ஒட்டவில்லை. என் வேலையில் தப்பு இருந்தால் நான் சொல்லிவிடுவேன், பார்த்துக்கொள்.

ஸ்லேட் ஏற்றத்தின் அடியில் நான் வண்டியை நிறுத்தினேன். பிரேக்கை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். மார்லிஸ் இறங்கிச் சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்தாள்.

"தள்ளிக்கோ."

"நீயா ஓட்டப் போற?"

"வலது கால் நல்லாத்தானே இருக்கு. கிளட்ச் இல்லாத வண்டிதானே? தள்ளு."

பின்னால் ஒருவரையும் நிற்கவிடவில்லை. பிள்ளைகளை மேலே நடந்து போகச் சொன்னாள். பாதியில் சக்கரம் சுழன்றது. அவள் வேகத்தைக் கூட்டவும் இல்லை, விடவும் இல்லை, உன்னைப் பேர் சொல்லி ஒரு வார்த்தை திட்டினாள். அதை இங்கே எழுதமாட்டேன். வண்டி ஏறியது.

ஏரிக்கரையில் நான்கு நாள் இருந்தோம். அங்கேதான் அவள் இன்னொன்று சொன்னாள். பட்டறைக்கு வருகிறவர்களிடம் நீ 'என் தங்கச்சி கொக்கி மாட்டின கதை' என்று ஒன்று சொல்வாயாம். குரலை மாற்றி, கையை ஆட்டி. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்களாம். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாளாம். நீ பயத்தில் பொய் சொன்னாய் என்று கொஞ்சம் இரங்க நினைத்திருந்தேன். கதையாக்கிச் சிரிக்கவும் வைத்திருக்கிறாய். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

மார்லிஸ் எழுதச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அதே எடத்துல, அதே ஆளுங்க கிட்ட, கதைய ஒழுங்காச் சொல்லட்டும். சொன்னதுக்கு அப்புறம் வீட்டுக்கு வருவேனான்னு கேக்க வேணாம். அது வேற."

நோலா

*

மேக்கி
செப்டம்பர் 21

நோலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். கோழை என்பாய். சொல்லிவிட்டாயா? சரி, மேலே படி.

போன சனிக்கிழமை பட்டறையில் ஏழு பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஹோல்டர்மன் புதிதாக வந்த ஒருவனிடம், "இவன் தங்கச்சி கொக்கி மாட்டின கதை கேட்டிருக்கியா? ஆர்டன், எடுத்து விடேன்" என்றான். அவனே ஆரம்பித்துக் கொடுத்ததால் ஓடி ஒளிய வழியில்லை. சொன்னேன். குரலை மாற்றாமல், நடந்ததை நடந்தபடி. பழக்கத்தில் முதல் இரண்டு வரிக்குச் சிரித்தார்கள். பிறகு கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முடித்ததும் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லப் பழகியவன் நான். ஹோல்டர்மன் மட்டும் நிதானமாகக் கேட்டான்: "என் குதிரை டிரெய்லர் ஏர்க்காலையும் நீதானே நீட்டின? அதே வருஷம்தானே?"

அதே வருடம்தான்.

அவன் அன்றே வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தினான். வேலைக்காக இல்லை. "பிரி, நான் பாக்கணும்" என்றான். பெயின்டைச் சுரண்டிக் காட்டினேன். நன்றாகத்தான் இருந்தது. அவன் நன்றி சொல்லாமல் போனான். திங்கட்கிழமை வாசலில் நான்கு வண்டிகள் நின்றன. யாரும் உள்ளே வந்து உட்காரவில்லை. அவரவர் வண்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, நான் சுரண்டுவதைப் பார்த்தார்கள்.

புதிய வேலை ஒன்றும் எடுக்கவில்லை. 84-லிருந்து நான் நீட்டிய, ஒட்டிய எல்லாவற்றையும் பழைய ரசீதுகளிலிருந்து பட்டியல் எடுத்து, ஒவ்வொருவர் வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். சிலர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். மறுநாளும் போகிறேன். இதுவரை முப்பத்தொன்று பார்த்துவிட்டேன். இருபத்தொன்பது சரியாக இருந்தன.

இரண்டில் விரிசல். ஒன்று வைக்கோல் வண்டி. இன்னொன்றில் ஒரு குடும்பம் அடுத்த வாரம் மலைக்குப் போக எல்லாம் ஏற்றி வைத்திருந்தது.

ஆர்டன்